பல் கம்பி: மெல்லிய விசையா, பலத்த விசையா?

கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பல் சீக்கிரம் நகரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது கிட்டத்தட்ட நேரெதிர்.

பல் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. மெல்லிய விசை கொடுத்தால் அதிலுள்ள நுண்குழாய்கள் நசுங்கினாலும் முழுதாக அடைபடுவதில்லை. இரத்தம் ஓடுகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் இரண்டு நாளில் வந்து, வேரை ஒட்டிய எலும்பை நேரடியாக அரிக்கின்றன. எதிர்ப்பக்கம் புது எலும்பு படிகிறது. பல் ஏறக்குறைய தடையில்லாமல் நகர்கிறது.

பலத்த விசையில் அந்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. 1932இல் பல் சீரமைப்பு ஆய்வாளர் ஷ்வார்ஸ் சொன்ன கணக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். நுண்குழாய் இரத்த அழுத்தத்தின் அளவு. அதைத் தாண்டினால் நசுங்கிய இடத்தில் செல்கள் செத்துவிடும். அப்புறம் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேறிடத்திலிருந்து வந்து, எலும்பை உள்பக்கமிருந்து குடைந்து வர வேண்டும். ஒன்று, இரண்டு வாரம் பல் அப்படியே நிற்கும், பிறகு சட்டென்று நகரும். வலி அதிகம், வேர் நுனி கரையும் அபாயமும் அதிகம். பிடிமானமாக வைத்த கடைவாய்ப்பல்லும் சேர்ந்து இழுபடலாம்.

என் ஓட்டு மெல்லியதற்கே. சரி, எவ்வளவு மெல்லியது? பல்லைச் சாய்க்க 35–60 கிராம் போதும். வேரோடு நேராக நகர்த்த 70–120 தேவை. ஈறுக்குள் அழுத்த 10–20தான். நடைமுறையில் மெல்லிய விசையிலும் அங்கங்கே கொஞ்சம் செல்கள் சாகத்தான் செய்கின்றன.