மூன்று மொழி மெனு: பாலிலாங்கா, டபிள்யூபிஎம்எல்லா, டிரான்ஸ்லேட்பிரஸ்ஸா?

“மெனுவை மூணு மொழியில போடணும் தம்பி” என்று அக்கா சொன்னபோது நான் இட்லி, குரோசான் பட்டியலைத்தான் நினைத்தேன். புதுச்சேரியில் விருந்தினர் இல்லம் நடத்துபவர் மெனு என்றால் வேறெதை நினைப்பது? அவர் கேட்டது இணையதளத்தின் மேலே ஓடும் பட்டையை. முகப்பு, அறைகள், கட்டணம், தொடர்புக்கு. எண்ணிப் பார்த்தால் பத்துச் சொல் தேறாது. அந்தப் பத்துச் சொல் மூன்று வாரம் இழுத்துவிட்டது.

இல்லம் வைசியாள் வீதிப் பக்கம். திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் உள்ள பழைய வீடு. தளம் வேர்ட்பிரஸில் (இணையதளம் கட்டி நடத்த உதவும் மென்பொருள்) ஓடுகிறது. முன்பு செய்துகொடுத்தவர் ஒரு தானியங்கி மொழிபெயர்ப்புப் பட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். தமிழைத் தட்டினால் ‘ஹோம்’ என்பது ‘வீடு’ ஆகும். ‘அபவுட்’ வெறும் ‘பற்றி’ என்று அந்தரத்தில் தொங்கும். ‘புக் நவ்’ என்ற பொத்தான் ‘இப்போது புத்தகம்’. அக்காவின் அம்மா அதைப் படித்துவிட்டு, “நாம எப்பம்மா புத்தகம் விக்க ஆரம்பிச்சோம்?” என்று கேட்டாராம்.

இதில் இயந்திரத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. பத்தி பத்தியாகக் கொடுத்தால் இன்றைக்கு அது ஓரளவு ஒழுங்காகவே பெயர்க்கிறது. முன்னும் பின்னும் உள்ள சொற்கள் கைகொடுக்கும். மெனுவில் அந்தத் துணை கிடையாது. ‘புக்’ என்று ஒற்றைச் சொல் வந்து நின்றால் அது பெயரா வினையா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆக, தளத்திலேயே குறைவான சொற்கள் உள்ள இடம்தான் தானியங்கி அதிகம் சறுக்கும் இடம். பார்க்கிறவர் கண் முதலில் படுவதும் அங்கேதான்.

எனவே தானியங்கிப் பட்டையைப் போட்டியிலிருந்து உடனே கழித்துவிட்டேன். கூகுள்கூடத் தன் இலவசப் பட்டையைப் புதிய தளங்களுக்குத் தருவதை 2019இல் நிறுத்தியது. பிறகு வணிக நோக்கமில்லாத தளங்களுக்கு மட்டும் திறந்துவிட்டது. உலாவியே மொழிபெயர்த்துத் தரும் காலத்தில் அந்தப் பட்டை இருந்தும் பெரிய லாபமில்லை. உலாவியில் நடக்கும் அந்த மாற்றம் தேடுபொறிக்குத் தனிப் பக்கமாகத் தெரியாது என்பது இன்னொரு குறை. பிரெஞ்சில் தேடுபவர் கண்ணில் நம் பிரெஞ்சுப் பக்கம் படாது.

மிச்சம் மூன்று செருகுநிரல்கள், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்: பாலிலாங், டபிள்யூபிஎம்எல், டிரான்ஸ்லேட்பிரஸ். வசதிப் பட்டியலைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மெனு என்று வரும்போதுதான் மூன்றும் மூன்று திசையில் போகின்றன.

டிரான்ஸ்லேட்பிரஸ் பழக எளிது. தளத்தைத் திறந்து, மெனுச் சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு பென்சில் தெரியும். தட்டினால் பக்கவாட்டில் பெட்டி வரும். தமிழை அடித்துச் சேமித்தால் முடிந்தது. மாற்றிய சொல் தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்பு) எப்படி உட்காருகிறது என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அக்காவிடம் காட்டியபோது ஐந்து நிமிடத்தில் தானே செய்யத் தொடங்கிவிட்டார். ஆனால் இலவசப் பதிப்பில் மூல மொழியோடு இன்னும் ஒரே ஒரு மொழிதான் சேர்க்க முடியும். கடலூரில் தமிழ், ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற கடைக்கு இது கச்சிதம். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் இல்லாமல் கடை நடக்காத புதுச்சேரிக்குப் பணம் கட்டியாக வேண்டும். சொற்களைப் பக்கவாரியாக வைக்காமல் தனித்தனித் துண்டுகளாகச் சேமிப்பதால், ஒரே சொல் தளத்தில் எங்கெங்கு வந்தாலும் ஒரே மொழிபெயர்ப்பைப் பெறும். பாதி நேரம் அது வசதி, மீதி நேரம் தலைவலி.

டபிள்யூபிஎம்எல்லுக்கு இலவசப் பதிப்பே கிடையாது, ஆண்டுச் சந்தா. அதன் பலம் மெனு ஒத்திசைவு. மூல மொழியில் மெனுவைக் கட்டிவிட்டால், ஒவ்வொரு உருப்படிக்கும் மொழிபெயர்த்த பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, மற்ற மொழி மெனுக்களை அதுவே அடுக்கித் தரும். எதைச் சேர்க்கப் போகிறது, எதை நீக்கப் போகிறது என்று முதலில் காட்டிவிட்டுத்தான் கைவைக்கும். ஐம்பது அறுபது உருப்படிகளோடு, கிளை மெனுவுக்குள் கிளை மெனுவாகப் போகும் கல்லூரித் தளத்துக்கோ பெரிய கடைத் தளத்துக்கோ நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அவ்வளவையும் கையால் மூன்று முறை அடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பாலிலாங் நேர் எதிர். ஒத்திசைவு எதுவும் அதன் பேச்சில் இல்லை. தீமில் ‘முதன்மை மெனு’ என்று ஓர் இடம் இருந்தால், மூன்று மொழிக்கு மூன்று இடங்களாக அதைப் பிரித்துக் காட்டும். நீங்கள் மூன்று மெனுக்களைத் தனித்தனியாகக் கட்டி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும். எத்தனை மொழி வேண்டுமானாலும் இலவசப் பதிப்பிலேயே சேர்க்கலாம். முதல் பார்வைக்கு வெட்டி வேலை மாதிரிதான் எனக்கும் பட்டது. (இது பழைய பாணித் தீம்களுக்கு. 2022 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 5.9 கொண்டுவந்த பிளாக் தீம்களில், அதாவது மெனு உட்பட எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடுக்கும் தீம்களில், கதை வேறு. அங்கே முழு வசதிக்குப் பாலிலாங்கின் கட்டணப் பதிப்பான புரோ பக்கம் போக வேண்டியிருக்கும்.)

டபிள்யூபிஎம்எல்லுக்குக் காசு கட்டச் சொல்லலாம் என்று நான் ஏறக்குறைய முடிவு செய்திருந்த நேரத்தில், அக்கா தமிழ் மெனுவை ஒருமுறை உரக்கப் படித்தார். “இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு என்ன இருக்கு?” என்றார். உள்ளூர்க்காரர் யாரும் அங்கே அறை எடுத்துத் தங்குவதில்லை. அவர்கள் வருவது வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் முற்றத்தை வாடகைக்குக் கேட்டு. அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் கிடையாது, பிரெஞ்சிலும் தேவையில்லை. பிரெஞ்சுக்காரர் கேட்பது வேறு: சென்னை விமான நிலையத்தில் இறங்கி ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் எப்படி வருவது? அது அவர்களுக்கு மெனுவிலேயே நிற்க வேண்டும். நம்மவருக்கு எதற்கு அது? புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கத் தெரியாதா என்ன?

அதாவது எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே மெனுவின் மூன்று பெயர்ப்புகள் அல்ல, மூன்று மெனுக்கள். அப்போது பாலிலாங்கின் ‘வெட்டி வேலை’தான் சரியான வேலையாகத் தெரிந்தது. ஒத்திசைவைத் தொடாமல் விட்டுவிட்டு டபிள்யூபிஎம்எல்லிலும் தனித்தனி மெனு கட்டலாம். ஆனால் சந்தா கட்டுவதே ஒத்திசைவுக்காக என்றால், அதை அணைத்து வைக்க எதற்குக் காசு? டிரான்ஸ்லேட்பிரஸிலும் மொழிக்கேற்ப உருப்படியைக் காட்டவும் மறைக்கவும் ஒரு துணைநிரல் உண்டு, கட்டணப் பதிப்பில். பாலிலாங்கில் அது அடிப்படை நடைமுறையே.

செருகுநிரல் முடிவானதும் சொற்சண்டை தொடங்கியது. இந்த ஊர் வீதிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள்: நீலப் பலகையில் பிரெஞ்சில் ‘ரூ துய்மா’, தமிழில் ‘துய்மா வீதி’. ‘ரூ’ முன்னால், ‘வீதி’ பின்னால். ‘துய்மா’ என்ற பெயர் அப்படியே, ‘வீதி’ என்ற பொதுச்சொல் மட்டும் மொழிபெயர்ந்திருக்கிறது. மெனுவுக்கும் இதையே பிடித்துக்கொண்டோம். ‘செக்-இன்’ எல்லார் வாயிலும் இருக்கிறது, அதை விட்டுவிட்டோம். ‘ரூம்ஸ்’ மட்டும் ‘அறைகள்’. பிரெஞ்சுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உதவினார். முகப்புக்கு அங்கே ‘ஆக்கேய்’ என்பார்கள், வரவேற்பு என்றும் பொருள். தானியங்கி போட்டிருந்த ‘மேஸோன்’ என்பதை அவர் கண்ணாலேயே அடித்துவிட்டார்.

அப்புறம் கைபேசி. ‘பிரைஸ்’ இருந்த இடத்தில் ‘கட்டண விவரங்கள்’ வந்ததும் பட்டை இரண்டு வரியாக மடிந்து, கீழே இருந்த முற்றத்துப் படத்தின் தலையில் ஏறி உட்கார்ந்தது. ‘கட்டணம்’ என்று குறைத்தேன். அது போதாதென்று ‘முன்பதிவு’ என்ற சொல்லில் ‘மு’வின் கீழ்ச்சுழி பாதி வெட்டுப்பட்டிருந்தது. தீம் ஆங்கிலத்தை மனதில் வைத்து வரி உயரத்தை இறுக்கி வைத்திருந்ததுதான் காரணம். தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் வரி உயரத்தை எழுத்தளவின் 1.2 மடங்கிலிருந்து 1.6 மடங்காக ஏற்றியதும் சுழி முழுதாகத் தெரிந்தது. எழுத்து இடைவெளியையும் பூஜ்யமாக்கினேன். பெரிய எழுத்து ஆங்கிலத்துக்கு அழகு சேர்க்கும் அந்த இடைவெளி தமிழைப் பல்லிளிக்க வைக்கிறது. இந்தச் சிக்கல் மூன்று செருகுநிரலுக்கும் பொது, எதை வாங்கினாலும் தீராது.

மொழி மாற்றும் பொத்தானில் கொடி போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பெல்ஜியத்துக்காரரும் கியூபெக்காரரும் பிரெஞ்சு பேசுவார்கள்; அவர்களுக்கு எதற்கு பிரான்ஸ் கொடி? தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவது? வேர்ட்பிரஸே இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே எழுதிவிட்டோம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் வளைகாப்புப் பக்கத்தில் நின்று பிரெஞ்சைத் தட்டினால், பாலிலாங் பிரெஞ்சு முகப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மொழிபெயர்ப்பு இல்லாத மொழியை மறைக்கவும் அமைப்பில் ஒரு கட்டம் உண்டு. நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அக்கா போனவாரம் அழைத்து, “அந்தப் பக்கத்துல பிரெஞ்சையே காணோமே?” என்றார். பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி தன் வளைகாப்பை முற்றத்தில் வைக்க முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறாளாம். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் இப்போது ‘வளைகாப்பு’க்குப் பிரெஞ்சு தேடிக்கொண்டிருக்கிறார்.