நிற்காத வலிப்புக்கு மூக்கு ஸ்ப்ரேயா, ஆசனவாய் மருந்தா?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். 5 நிமிடம் தாண்டிய வலிப்பு அதுவரை காத்திருக்காது. 108-ஐ அழைத்துவிட்டு, டாக்டர் எழுதித் தந்த மருந்தை அங்கேயே கொடுத்துவிட வேண்டும்.

ஆசனவாய் வழியாகச் செலுத்தும் வலிப்பு மருந்தான டயசெபாம் நம்பகமானது. ஆனால் துணியை விலக்கி, மருந்து கசியாமல் பிட்டத்தைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வளர்ந்தவருக்கு, அதுவும் பஸ்ஸில், நடக்கிற காரியமில்லை.

அதனால் மிடசோலாம் மூக்கு ஸ்ப்ரேதான் எங்கள் தேர்வு. தவறு நடப்பது எண்ணிக்கையில்: ஒரு அழுத்தத்துக்கு 0.5 மி.கி. தரும் பாட்டிலும் உண்டு, 1.25 தருவதும் உண்டு. 5 மி.கி. எழுதியிருந்தால் முன்னதில் 10 அழுத்தம், பின்னதில் 4. அந்த எண்ணைப் பாட்டில்மேலேயே எழுதி ஒட்டுங்கள். இரு மூக்குத் துளையிலும் பாதிப் பாதி. சளி அடைத்திருந்தால் மருந்து சரியாக ஏறாது.

எதுவானாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனியுங்கள். டாக்டர் சொல்லாமல் இரண்டாம் டோஸ் கூடாது.