மேனுவலா, ஏ.எம்.டி.யா, சி.வி.டி.யா? சின்ன காருக்கு எந்த கியர்பாக்ஸ்

கார் வாங்கப் போனால் ஷோரூமில் கேட்பது ஒரே கேள்விதான்: "மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?" கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டிகளையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குள் கிடைக்கும் சின்ன கார்களில், அந்தச் சொல்லுக்குள் முற்றிலும் வேறான நான்கு இயந்திரங்கள் இருக்கின்றன: மேனுவல் பெட்டியை மோட்டார் இயக்கும் ஏ.எம்.டி., புல்லியும் பெல்ட்டும் கொண்ட சி.வி.டி., எண்ணெய் வழியே விசை கடத்தும் டார்க் கன்வர்ட்டர், இரண்டு கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச். பழுதாகும் விதம், மேட்டில் நடந்துகொள்ளும் விதம், செலவு வைக்கும் விதம் எல்லாமே ஒன்றுக்கொன்று மாறுபடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இது எந்த வகை ஆட்டோமேட்டிக்?" என்பதைத்தான்.

கம்பெனிகள் வைக்கும் பெயர்களும் குழப்பும். மாருதி ஏ.ஜி.எஸ். என்று சொல்வது ஏ.எம்.டி.தான். ஹூண்டாயின் ஐ.வி.டி., சி.வி.டி. குடும்பத்தைச் சேர்ந்தது. டாடா அல்ட்ராஸில் வந்த டி.சி.ஏ. என்பது இரட்டைக் கிளட்ச். வெறுமனே 'ஏ.டி.' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டர் வகை. ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏ.எம்.டி.: மேனுவல் பெட்டி, இயக்குவது மோட்டார்

2014 பிப்ரவரியில் மாருதி செலெரியோவோடு ஏ.எம்.டி. இந்தியாவுக்கு வந்தது. உள்ளே இருப்பது மேனுவல் காரின் அதே கியர்பாக்ஸ், அதே ஒற்றைக் கிளட்ச் பிளேட். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது; கம்ப்யூட்டர் அதற்குக் கட்டளையிடுகிறது. மேனுவலைவிட ஏறக்குறைய 50,000 ரூபாய் மட்டும் கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம். இதன் குறைகளும் இதே அமைப்பிலிருந்துதான் வருகின்றன.

கியர் மாறும்போது கிளட்ச் விலகி, பல் மாறி, மறுபடி சேரும் வரை சக்கரத்துக்கு விசை போகாது. மேனுவலிலும் இந்த இடைவெளி உண்டு. ஆனால் அங்கே மாற்றுவது நாமே என்பதால் ஆக்சிலேட்டரைத் தானாகவே தளர்த்திவிடுகிறோம், உடம்பும் தயாராக இருக்கிறது. ஏ.எம்.டி.யில் கால் அழுத்தியபடியே இருக்க, எதிர்பாராத நேரத்தில் இழுவை விட்டுப்போய்த் திரும்ப வருகிறது. தலை முன்னே போய்ப் பின்னே வருகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் போகும்போது இது நன்றாகத் தெரியும். இன்ஜின் சத்தத்தைக் கவனித்து, மாறப்போகும் நேரத்தில் காலைச் சற்றே தளர்த்தினால் முக்கால்வாசி ஆட்டம் போய்விடும். ஒரு வாரத்தில் பழகிவிடுகிற விஷயம்தான். காலை அழுத்தியே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஏ.எம்.டி. கடைசி வரை பிடிக்காது.

இருவழிச் சாலையில் லாரியை முந்துவதில் இந்த இடைவெளி வெறும் அசௌகரியமாக நின்றுவிடாது. எதிரே வெற்றிடம் தெரிந்ததும் காலை மிதித்தால், பெட்டி யோசித்து ஒன்றிரண்டு கியர் இறக்கிய பிறகுதான் இழுவை வரும். அதற்குள் வெற்றிடத்தில் பாதி போயிருக்கும். முந்தும் முன்பே லீவரை மேனுவல் பக்கம் தள்ளி மூன்றாம் கியருக்கு இறக்கிவைத்துக்கொண்டு, பிறகு வெளியே வர வேண்டும். இதைப் பழகாமல் ஏ.எம்.டி. காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மேடுதான் இதன் உண்மையான பலவீனம். அடுக்குமாடி பேஸ்மென்ட் சரிவில் ஒரு வண்டி குறுக்கே நின்றால், பலர் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்தே காரை அந்த இடத்தில் நிறுத்திவைக்கிறார்கள். மேனுவலில் இதையே செய்தால் கிளட்ச் கருகும் வாசனை வரும், காலிலும் தெரியும். ஏ.எம்.டி.யில் பிளேட் அதே அளவு உராய்ந்து சூடாகிறது, ஆனால் கால் அதை உணராது. எச்சரிக்கை விளக்கோ பீப் ஒலியோ வரும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். அப்படி வந்தால் ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும். மேட்டில் நிற்க எப்போதும் பிரேக்தான். கிளம்ப, ஹில் ஹோல்ட் (பிரேக்கை விட்டபின்னும் கார் பின்னே உருளாமல் சற்று நேரம் பிடித்துவைக்கும் வசதி) இருக்கும் காரில் பிரேக்கை விட்டதும் ஓரிரு விநாடிக்குள் ஆக்சிலேட்டர் கொடுங்கள். இல்லாத காரில் ஹேண்ட்பிரேக் போட்டு, கார் முன்னே இழுப்பது தெரிந்தபின் விடுங்கள். காரில் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் வேரியன்ட் வாரியாகப் பாருங்கள்.

இன்னொரு வித்தியாசம்: பெரும்பாலான ஏ.எம்.டி. கார்களில் 'பி' என்ற பார்க்கிங் நிலை கிடையாது. சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி 'டி'யிலோ (முன்னே செல்லும் நிலை) 'ஆர்'-இலோ (ரிவர்ஸ்) வைத்து, ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்து, அதன்பிறகு இன்ஜினை அணைக்க வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்கினால் காரைப் பிடித்திருப்பது ஹேண்ட்பிரேக் கேபிள் ஒன்று மட்டும்தான்.

மேனுவல்: தேய்வது உங்கள் காலைப் பொறுத்தது

மேனுவலின் பெரிய பலம், எதுவும் மறைந்திருக்காது என்பது. கிளட்ச் தேய்ந்தால் பிடிக்கும் இடம் மேலே ஏறும், பெடல் கனமாகும். சந்தேகம் வந்தால் வெறிச்சோடிய சாலையில் நான்காம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்திப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறினால் பிளேட் வழுக்குகிறது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து செட்டாக மாற்ற வேண்டும். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் இந்த வேலையில் பெரிய பங்கு. பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்தால் இரண்டாம் முறையும் அதே கூலி கொடுக்க நேரும். எந்த ஊர் மெக்கானிக்கும் இதை ஒரு நாளில் முடித்துவிடுவார்.

நெடுஞ்சாலையே அதிகம் ஓடும் காரில் இந்தச் செட் லட்சம் கிலோமீட்டரையும் தாண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் காலையும் மாலையும் ஊரும் காரில் அதில் பாதிகூட வராமல் போகலாம். காரணம் ஹாஃப் கிளட்ச்தான், அதாவது கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவது. முன்னால் இருக்கும் வண்டி இரண்டடி நகர்ந்ததும் நாமும் இரண்டடி நகர்வது பிளேட்டைத் தின்றுவிடும். இரண்டு கார் நீளம் இடம் விட்டு, முதல் கியரைப் போட்டு கிளட்சை முழுசாக விட்டுவிட்டால், ஆக்சிலேட்டர் இல்லாமலே கார் நடை வேகத்தில் ஊர்ந்து போகும். இடையில் இருசக்கர வாகனங்கள் புகுந்துகொள்ளும்தான். புகுந்துவிட்டுப் போகட்டும், கிளட்ச் பிழைக்கும். ஓட்டும்போது இடது காலை கிளட்ச் பெடல் மேல் ஓய்வாக வைக்கவும் கூடாது. அந்தச் சிறு அழுத்தமே ரிலீஸ் பேரிங்கைச் சுழலவைத்துக்கொண்டிருக்கும்.

மூட்டு வலி, முதுகு வலி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஒரு மணி நேர நெரிசலில் நூற்றுக்கணக்கான முறை கிளட்ச் மிதிப்பது உடம்புக்குச் செலவு. அவர்கள் மேனுவலை விட்டுவிடலாம்.

சி.வி.டி.யும் டார்க் கன்வர்ட்டரும்

பணம் இடம் கொடுத்தால் நகரத்துக்கு இந்த இரண்டும்தான் சரி. மேனுவலைவிட ஒரு லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் கூடுதலாக ஆகும். டார்க் கன்வர்ட்டரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது எண்ணெய். ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்ற, அது எதிரே உள்ள விசிறியைச் சுழற்றுகிறது. பிரேக் மிதித்து 'டி'யில் நின்றாலும் தேய உலர் பிளேட் எதுவும் இல்லை. மேட்டில் கிளம்புவது மென்மையாக இருக்கும். பிரெஸ்ஸா, ஃபிராங்ஸ் டர்போ போன்றவற்றில் இருப்பது ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர்.

சி.வி.டி.யில் கியர் பற்களுக்குப் பதில் இரண்டு கூம்பு வடிவப் புல்லிகளும் அவற்றை இணைக்கும் எஃகு பெல்ட்டோ செயினோ இருக்கும். புல்லிகள் நெருங்கியும் விலகியும் விகிதத்தை மாற்றுவதால் கியர் மாறும் அதிர்வே தெரியாது. ஹோண்டா அமேஸ், நிசான் மேக்னைட் டர்போ ஆகியவற்றில் இது கிடைக்கிறது. காலை முழுசாக மிதித்தால் மட்டும் இன்ஜின் முதலில் இரைந்து, வேகம் அதன் பின்னால் மெல்ல ஏறும். பாதி அழுத்தத்தில் ஓட்டினால் அந்த இரைச்சல் வராது.

சி.வி.டி.யைக் கொல்வது எண்ணெய் விஷயத்தில் காட்டும் அலட்சியம். பெல்ட் புல்லியைப் பிடிப்பதே அந்த எண்ணெயின் உராய்வுத் தன்மையால்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கீறல் விழும். அதன்பிறகு ரிப்பேர் என்று ஒன்று இருக்காது, பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். அந்தக் காரின் கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டும், அதில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். நெரிசலிலும் வெயிலிலும் ஓடும் காருக்கு, கடுமையான பயன்பாட்டுக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் குறைந்த கெடுவைப் பின்பற்றுங்கள். சென்னையில் ஓடும் எந்தக் காரும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இரட்டைக் கிளட்ச் வகை திறந்த சாலையில் மிக வேகமாகக் கியர் மாற்றும். உலர் கிளட்ச் கொண்டதாக இருந்தால், ஊர்ந்துபோகும் நெரிசலில் ஏ.எம்.டி.யைப் போலவே சூடேறும். பழுதானால் செலவோ பல மடங்கு. தினமும் நகர நெரிசலில் ஓட்டுபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மைலேஜ் கணக்கு

ஆட்டோமேட்டிக் என்றால் பெட்ரோல் குடிக்கும் என்பது பழைய நான்கு கியர் பெட்டிகளின் காலத்துப் பேச்சு. 2024 ஸ்விஃப்ட்டில் அறிவிக்கப்பட்ட மைலேஜ் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ., ஏ.எம்.டி.க்கு 25.75. அதே ஆண்டு வந்த அமேஸில் மேனுவலுக்கு 18.65, சி.வி.டி.க்கு 19.46. டார்க் கன்வர்ட்டரில் நிலைமை வேறு: ஃபிராங்ஸ் டர்போவில் மேனுவலுக்கு 21.5, ஆட்டோமேட்டிக்குக்கு 20.01. இவையெல்லாம் சோதனைக்கூட எண்கள், சாலையில் எல்லாமே குறையும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு லிட்டருக்கு 20 கிடைப்பதும் 21 கிடைப்பதும் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பெட்ரோல் வித்தியாசம்தான். கியர்பாக்ஸை முடிவு செய்ய இந்தத் தொகை போதாது.

மலைப்பாதை

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. நிற்காமல் ஏறும்போது எந்தப் பெட்டியும் சமாளிக்கும். ஆபத்து இறங்கும்போதுதான். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. மேனுவலில் இரண்டாம் கியரைப் போட்டால் இன்ஜினே காரைப் பிடிக்கும், பிரேக்குக்கு அவ்வப்போதுதான் வேலை. ஆட்டோமேட்டிக்கை 'டி'யிலேயே விட்டால் கால் எடுத்ததும் மேல் கியருக்குப் போய்விடும். பிடிப்பு எதுவும் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பேட் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். சமவெளியிலிருந்து வாடகைக்கோ புதிதாகவோ ஆட்டோமேட்டிக் எடுத்து வருபவர்கள் மலையில் சிக்குவது இங்கேதான். ஏ.எம்.டி.யிலும் டார்க் கன்வர்ட்டரிலும் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் வையுங்கள், சி.வி.டி.யில் லீவரை 'எல்' (லோ) அல்லது 'எஸ்' (ஸ்போர்ட்) நிலையில் போடுங்கள். நியூட்ரலில் உருட்டி இறக்குவதை எந்தக் காரிலும் செய்யாதீர்கள்.

குன்னூரிலோ கொடைக்கானலிலோ குடியிருப்பவர், வீட்டு வாசலே செங்குத்தாக இருப்பவர் ஏ.எம்.டி.யைத் தவிர்ப்பது நல்லது. ஒன்று மேனுவல், இல்லையென்றால் ஏ.எம்.டி. விலைக்கு மேல் இன்னும் 50,000-மாவது சேர்த்து டார்க் கன்வர்ட்டரோ சி.வி.டி.யோ.

நடுவழியில் நின்றால்

பேட்டரி இறங்கினால் மேனுவலை இரண்டாம் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். மற்ற எதிலும் அது நடக்காது. ஏ.எம்.டி.க்கு ஆரோக்கியமான பேட்டரி இன்னும் முக்கியம். மின்னழுத்தம் குறைந்தால் கியர் விழ மறுக்கும். பேட்டரியில் இருக்கும் கோளாறை கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துப் பலர் பெரிய பில் கட்டுகிறார்கள். ஏ.எம்.டி.யில் கிளட்ச் மாற்றினால் ஸ்கேனர் போட்டு, பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். முன்சக்கர இழுவை கொண்ட சி.வி.டி., டார்க் கன்வர்ட்டர் கார்களின் முன்சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் சுற்றாது, பாகங்கள் உலர்ந்து உராயும். பிளாட்பெட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

டெஸ்ட் டிரைவில் என்ன செய்வது

ஷோரூம்காரர் காட்டும் சமதளச் சுற்றில் எல்லாப் பெட்டிகளும் நன்றாகவே ஓடும். நான்கு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, ஒரு மேம்பாலத்துக்கோ பேஸ்மென்ட் சரிவுக்கோ போகச் சொல்லுங்கள். சரிவின் நடுவில் நின்று கிளம்புங்கள், அதே சரிவில் ரிவர்ஸில் ஏறுங்கள். ஏ.எம்.டி. திணறுமானால் இங்கேயே தெரியும். நெரிசலில் ஐந்து நிமிடம் பிரேக்கை மட்டும் விட்டுவிட்டு ஊர்ந்து பாருங்கள். பிறகு 60-இல் போய்க்கொண்டிருக்கும்போது காலை முழுசாக மிதித்து, இழுவை வர எத்தனை நொடி ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். பழைய காராக இருந்தால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து 'டி', பிறகு 'ஆர்' என்று மாற்றிப் பாருங்கள். 'இடி' விழுந்தாலோ, இரண்டு நொடி யோசித்தாலோ, கிளம்பும்போது கார் நடுங்கினாலோ, ஸ்கேனர் ரிப்போர்ட்டும் கிளட்ச் அல்லது எண்ணெய் மாற்றிய பில்லும் கையில் வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.