பல் கம்பி போட்ட பிள்ளைக்கு எந்தக் கம் கார்டு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குளிர்காலத்தில் பனி பெய்வதில்லை. பிள்ளைகளுக்குக் குளிர்கால விளையாட்டு என்றால் ஹாக்கியும் ரக்பியும் நெட்பாலும்தான். ஏப்ரலில் தொடங்கினால் ஆகஸ்ட் வரை சனிக்கிழமைகள் மைதானத்திலேயே கழிகின்றன. என் மகள் ஹாக்கியில் தடுப்பு வரிசையில் ஆடுகிறாள். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் பல் கம்பி. அவளுக்கு எந்தக் கம் கார்டு, அதாவது பல்லையும் ஈறையும் காக்கும் வாய்க்காப்பு, வாங்குவது என்று அலசி ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த முடிவின் பக்கம்தான் என் சாய்வு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்டு அவசியமா என்ற கேள்விக்கு அதிக நேரம் வேண்டாம். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கல்லாய்க் கடினமானது. பல் கம்பி போட்ட வாயில் அது பட்டால் உதடு பந்துக்கும் பிராக்கெட்டுக்கும் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) நடுவில் சிக்கி உட்புறம் கிழியும். களத்தில் ஆடுவோர் வாய்க்காப்பு அணிய வேண்டும் என்று பன்னாட்டு ஹாக்கி விதிகளும் பரிந்துரைக்கின்றன. பெனால்டி கார்னரை (கோலுக்கு அருகே எதிரணிக்குக் கிடைக்கும் தண்டனை வாய்ப்பு) தடுக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அது அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்தான்.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமைக்கும் சாதாரணக் கார்டு. பல் கம்பி போட்டவர்களுக்கு அது ஆகவே ஆகாது. இளகிய பிளாஸ்டிக் கம்பிக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே புகுந்து இறுகிவிடும். கழற்றும்போது பிராக்கெட்டையும் பெயர்த்துக்கொண்டு வரலாம்.

எஞ்சுவன இரண்டு. ஒன்று, பல் மருத்துவரிடம் அச்செடுத்துச் செய்யும் கார்டு. மற்றொன்று, பல் கம்பிக்கென்றே பள்ளம் விட்டு வார்த்த சிலிகான் கார்டு. பின்னதை வடிவமைக்க வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து எடுத்துக் கழுவி அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

பொருத்தத்தில் அச்செடுத்ததை எதுவும் நெருங்காது. பிராக்கெட்டுகளை மெழுகால் மூடி அச்செடுப்பார்கள். அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு செய்து, சூடாக்கிய தகட்டை அதன்மேல் உறிஞ்சிப் படியவைப்பார்கள். மெல்லியதாக இருக்கும், வாய் திறந்தாலும் விழாது, பேச்சும் தெளிவாக வரும். பல் கம்பி இல்லாத பிள்ளைக்கு நானும் இதைத்தான் செய்துகொடுப்பேன்.

ஆனால் பல் கம்பி போடுவதே பற்களை நகர்த்தத்தான். சிகிச்சை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். நாலு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை போய்க் கம்பியை மாற்றியோ இறுக்கியோ வருகிறோம். ஏப்ரலில் எடுத்த அச்சு ஏப்ரல் மாத வாய்க்கு உரியது. ஜூனில் அதே கார்டு ஒரு பக்கம் இறுக்கும், மறுபக்கம் இடைவெளி விடும். இறுக்கும் இடத்தில், பல் எந்தத் திசையில் போகவேண்டுமோ அதற்கு எதிராகவே தள்ளும். மருத்துவர் ஒரு பக்கம் இழுக்க, கார்டு மறுபக்கம் இழுக்கும். இதைத் தவிர்க்க ஒரே பருவத்தில் மறுபடி அச்செடுத்துப் புதிது செய்ய வேண்டிவரும். சிகிச்சைக்குள் இரண்டு பருவங்கள் வந்துவிட்டால் செலவு இரட்டிக்கும். மெடிக்கல் எய்ட் (இங்குள்ள மருத்துவக் காப்புத் திட்டம்) இதற்கு எவ்வளவு தரும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுபடுவதால், செய்யச் சொல்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். அதற்கும் மேல், புதியது வந்துசேரும்வரை பிள்ளை பொருந்தாத கார்டோடு ஆடுவாள், அல்லது கார்டு இல்லாமலே ஆடுவாள்.

சிலிகான் கார்டு பற்களின் வடிவத்தைப் பற்றிக்கொள்வதே இல்லை. பிராக்கெட் வரிசைக்கு நேராக அகலமான பள்ளம் ஓடுகிறது. அதற்குள் பல் சற்று நகர்ந்தாலும் தடையில்லை. கம்பியை இறுக்கிக்கொண்டு வந்த மறுநாளும் அதே கார்டைத்தான் போட்டுக்கொண்டு ஆடினாள். விலையோ அச்செடுத்ததில் ஒரு சிறு பங்கு. எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. தடிமன் அதிகம், பல்லைக் கடித்துப் பிடித்தால்தான் வாயில் நிற்கும். இரு வரிசையிலும் கம்பி இருப்பதால் மேலும் கீழும் மூடும் வகையை வாங்கினோம். நடுவில் மூச்சுவிடத் துளை இருக்கிறது. “அம்மா, ‘என் பந்து’ என்று கத்தினால் யாருக்கும் புரியவில்லை” என்று முதல் வாரங்களில் முறையிட்டாள். இப்போது கையை உயர்த்திக் காட்டுகிறாள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உறைபனி விழுந்த காலைகளில் ஆடும்போது எச்சில் வழிந்து மோவாய் சில்லிட்டுப் போவதாகவும் சொன்னாள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பராமரிப்பு எளிது. ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் மிதமான சோப்பிலும் கழுவி, காற்றுத்துளை உள்ள டப்பாவில் வைக்க வேண்டும். ஓரம் கிழிந்தாலோ கடித்துக் கடித்து மெலிந்தாலோ மாற்றிவிட வேண்டும். பையில் பல் கம்பி மெழுகும் இருக்கட்டும். கம்பி முனை குத்தினால் வீடு வரும்வரை அது தாங்கும். பிராக்கெட்டை உடைப்பது பந்து மட்டுமில்லை. ஆட்டம் முடிந்து பசியோடு கடிக்கும் பில்டாங்கும் (உலர்த்திய இறைச்சி) முறுக்கும் போதும்.

ரக்பி எங்கள் வீட்டில் இல்லை. இரு அணியும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமிலும் ஆளைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளிலும் படும் அடி வேறு மாதிரியானது, அங்கே கடித்துப் பிடிக்கும் கார்டு வாயில் நிற்குமா என்பதை நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் ஆடும் பையன் என்றால் பல் சீரமைப்பு மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கிக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள் கார்டையும் மெழுகையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே மலையில் கம்பி தெறித்தால் உடனே காட்ட மருத்துவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

கம்பியைக் கழற்றிய பிறகு என் கணக்கு மாறும். பற்கள் நிலைகொண்டுவிட்டன என்று மருத்துவர் சொன்னதும் அச்செடுத்த கார்டுக்குப் போகப்போகிறோம். அப்போது ஒரே அச்சு பல மாதங்களுக்குப் பொருந்தும், அவள் கத்துவதும் மைதானம் முழுக்கக் கேட்கும்.