சென்னையா, பெங்களூரா? கடலூரிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 71 வயது, இரண்டு முட்டியிலும் வலி. பெண் நான்காம் வகுப்பு. பையனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. வீட்டுக்காரருக்குச் சேர்ந்தாற்போல் நான்கு நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. செலவுக்கு வைத்திருப்பது சீட்டுப் பணம் மட்டும்தான். ஊர் சுற்றுவதற்காகக் கடன் வாங்குவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே பேசி வைத்துக்கொண்டோம், இன்றுவரை மீறவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பெரிய ஊரைக் காட்ட வேண்டுமென்றால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டுவது இரண்டு ஊர்தான். ஐதராபாத்தையும் யோசித்தோம். அதற்கு முதலில் சென்னை போய், அங்கிருந்து இன்னொரு ராத்திரி ரயிலில் போக வேண்டும். நான்கு நாளில் இரண்டு நாள் வண்டியிலேயே கழிந்துவிடும் என்று விட்டுவிட்டோம். 2024 மே மாதம் சென்னை போனோம். 2025 மே மாதம் பெங்களூர். இரண்டு பயணத்தின் செலவையும் ஒரே நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போய்ச் சேரும் செலவில் சென்னைதான் குறைவு, அதில் பேச்சே இல்லை. கடலூரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். சோழன் எக்ஸ்பிரஸ் நம்ம திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனிலேயே நிற்கிறது. பகல் ரயில், உட்கார்ந்தே போய்விடலாம். ஆனால் எழும்பூர் ஸ்டேஷனில் புதுப்பிப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டிக்கெட் போடும்போதே எந்த ஸ்டேஷன் என்று பார்த்துவிடுங்கள். பஸ் என்றால் ஒரு யோசனை சொல்கிறேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு, திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ஊருக்குள் போக மறுபடி ஒரு பஸ், இல்லையென்றால் ரயில். மூட்டையும் முட்டி வலியும் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய பாடு. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் திருவான்மியூரில் இறங்கிக்கொள்ளலாம். பறக்கும் ரயில் அங்கிருந்தே கிடைக்கும்.

பெங்களூர் 300 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று எட்டு மணி நேரமாவது ஆகும். நாங்கள் பஸ்ஸில் போகவில்லை. மயிலாடுதுறையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மைசூர் எக்ஸ்பிரஸை 2024இல் கடலூர் துறைமுகம் வரை நீட்டித்தார்களே, அதில் போனோம். பெங்களூர் வடமேற்கில் இருக்க, ரயில் முதலில் தெற்கே சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி, சேலம் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. நேரம் பஸ்ஸைவிட அதிகம். ஆனாலும் அத்தை இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. துறைமுகம் ஸ்டேஷன் இருக்கிற ஓ.டி.யிலேயே (கடலூர் ஓல்டு டவுன்) கிளம்புவதால் நெரிசலில்லாமல் ஏறலாம். கீழ் பெர்த்தில் காலை நீட்டிப் படுக்கலாம். கழிவறை இருக்கிறது. பிற்பகலில் ஏறினால் மறுநாள் விடியலில் பெங்களூர், ஒரு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம்.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 5 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டாமென்றால் பாதிக் கட்டணம், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். பையனை என் பெர்த்திலேயே படுக்க வைத்துக்கொண்டேன். முதியோருக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் இன்னும் திரும்பக் கொடுக்கவில்லை. அத்தைக்கும் முழு டிக்கெட்தான் வாங்கினோம். இதையெல்லாம் கூட்டினால், போக வரச் செலவு மட்டும் பெங்களூருக்குச் சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

ஊருக்குள் சுற்றுகிற செலவிலும் எடுத்த எடுப்பில் சென்னைதான் ஜெயிக்கிறது. மாநகரப் பேருந்தில் வெள்ளை போர்டு வண்டியில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அத்தை, நான், பெண் என்று ஐந்து பேரில் மூன்று பேர் இலவசம். எந்த ஊர், என்ன அட்டை என்று யாரும் கேட்பதில்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு, ஆனால் அது அந்த மாநிலத்து முகவரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். நம்ம ஆதார் அங்கே செல்லாது. மெட்ரோவும் அப்படித்தான். சென்னையில் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயோடு முடிகிறது. பெங்களூரில் 2025 பிப்ரவரியில் ஏற்றிய பிறகு மேல் கட்டணம் 90 ரூபாய். சென்னையின் மின்சார ரயிலுக்கு ஈடாக பெங்களூரில் எதுவுமே கிடையாது. 5 ரூபாயில் தொடங்குகிற டிக்கெட் அது.

இவ்வளவையும் பார்த்தால் சென்னைச் செலவு பாதியில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நோட்டில் மொத்தம் போட்டுப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். எனக்கே நம்ப முடியாமல் மறுபடி கூட்டினேன். அதற்கப்புறம்தான் வரிவரியாகப் படித்தேன். சென்னைப் பக்கத்தில் ‘ஆட்டோ’ என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன். பெங்களூர்ப் பக்கத்தில் மூன்றே இடம். மோர், ஜூஸ், ஐஸ், தண்ணீர் பாட்டில் என்று சென்னையில் ஒவ்வொரு நாளும் நாலைந்து வரி. பெங்களூரில் தண்ணீர் வாங்கியது மொத்தத்துக்கும் இரண்டு தடவை.

காரணம் வெயில்தான். மே மாதத்து அக்னி நட்சத்திரத்தில் சென்னை பஸ் ஸ்டாப்பில் நின்று, மற்ற வண்டிகளைப் போகவிட்டு வெள்ளை போர்டு வரும் என்று காத்திருக்க வயசானவர்களால் முடியாது. பத்து நிமிஷத்தில் அத்தையின் முகம் சிவந்துவிட்டது. இலவசமாகப் போயிருக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் ஆட்டோவில் போனோம். ஏசி இல்லாத ரூமில் ராத்திரி தூங்க முடியாது, அதற்கு ஒரு தொகை. மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை எங்கும் போக முடியாது. நான்கு நாள் பயணத்தில் பாதிப் பகல் அப்படியே போனது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். பகலில் அங்கேயும் வெயில் உண்டுதான், ஆனால் ராத்திரி 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஃபேன் ரூமே போதும். மரத்தடியில் நடக்கலாம். அத்தை மெட்ரோ ஸ்டேஷனுக்குத் தன் காலாலேயே நடந்து வந்தார்.

அதனால் மே மாதத்தில் போகிறவர்கள் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கு நடக்க முடியாதோ அவரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தங்கும் இடத்தைப் பற்றி. சென்னையில் எழும்பூர், பெங்களூரில் மெஜஸ்டிக். ரெண்டு இடத்திலும் சின்னச் சின்ன லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன, ரயிலும் மெட்ரோவும் பக்கத்திலேயே. மெஜஸ்டிக்கில் பச்சை லைன், ஊதா லைன் இரண்டு மெட்ரோவும் சந்திப்பதால் எங்கே போவதும் சுலபம். எழும்பூரில் நாங்கள் தங்கிய லாட்ஜில் ஒரு கசப்பான அனுபவம். போனில் கேட்டபோது ஐந்து பேருக்கு ஒரே வாடகை என்றார்கள். போய் இறங்கியதும் கூடுதல் மெத்தைக்குத் தலைக்கு இவ்வளவு என்றார்கள், சின்னப் பையனையும் சேர்த்து. ராத்திரி எட்டு மணிக்கு, பிள்ளைகள் வாசற்படியில் தூங்கி விழும்போது பேரம் பேச முடியவில்லை. கேட்டதைக் கொடுத்தோம். அதிலிருந்து எத்தனை பேர், எத்தனை மெத்தை, மொத்தம் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் முன்பணம் அனுப்புவதில்லை.

சாப்பாட்டில் சென்னைதான். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். காலை வேளையை இரண்டு நாள் அங்கேயே முடித்தோம். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. பெங்களூரில் தர்ஷினி என்கிற சின்ன ஓட்டல்களில் ருசியும் உண்டு, விலையும் நியாயம், ஆனால் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அத்தைக்கு நாற்காலி தேடி நான் தட்டோடு அலைந்தேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு போய்விடுங்கள். வாழையிலையை அனலில் வாட்டிக் கட்டினால் ராத்திரிவரை தாங்கும்.

இனி பார்க்கிற இடங்கள். சென்னை என்றதும் எல்லோரும் மெரினா என்பார்கள். நமக்கு தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச் இருக்கிறது. கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலத்துக்கு மேல் மெரினா தேவையில்லை. சென்னையில் நான் அடித்துச் சொல்வது இரண்டு இடம். ஒன்று, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். கட்டணமே இல்லை, முழுக்க ஏசி. பிள்ளைகள் பிரிவின் நடுவில் ஒரு செயற்கை மரம் நிற்கும், அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கலாம். மே மாத மதியத்தை அங்கே மூன்று மணி நேரம் கழித்தோம். பெண் கிளம்ப மாட்டேன் என்று அழுதாள். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம், கொஞ்சம் தள்ளி கிண்டி பாம்புப் பண்ணை. ஒரே நாளில் மூன்றையும் முடிக்கலாம்.

இன்னொன்று எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குள் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். சிதம்பரத்துக்கு வருஷம் இரண்டு தடவை போய் வருகிறவர் அத்தை. பூவும் பட்டும் நகையும் இல்லாமல் நடராஜரை அவர் பார்த்ததே இல்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சிலைக்கு முன்னால் போய், தூக்கிய காலையும், விரல் நுனியையும் ரொம்ப நேரம் பார்த்தார். “ஏம்மா, இவ்வளவு நாளும் துணியத்தான் பாத்திருக்கேன்” என்றார். பையன் ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் நின்றான். அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக பெங்களூரில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பெங்களூரில் பிள்ளைகளுக்குத்தான் வேட்டை. கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கினால் பூங்கா, விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் எல்லாம் நடக்கிற தூரம். அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தைப் போலவே ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். பையன் அதன் இறக்கைக்குக் கீழே நின்று, துணியில் செய்தது எப்படிப் பறந்தது என்று அப்பாவைத் துளைத்துவிட்டான். பெரியவர்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், காசு கிடையாது. லால்பாக்குக்குப் பச்சை லைனில் ஸ்டேஷனே இருக்கிறது. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். உள்ளே இருக்கிற பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி வயது என்று சொன்னதும் பெண் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். மே மாதச் சாயங்காலத்தில் திடீரென்று மழை கொட்டும், குடை அவசியம்.

மிருகக்காட்சி சாலை என்றால் வண்டலூர்தான். பன்னேர்கட்டாவில் சஃபாரி நன்றாக இருக்கிறது, ஆனால் மெஜஸ்டிக்கிலிருந்து 365 பஸ்ஸில் போய்த் திரும்ப ஒரு நாளே சரியாகிவிட்டது, சஃபாரிக்குத் தனிக் கட்டணம் வேறு. வண்டலூரில் நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. கிளாம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால், கடைசி நாள் காலையில் பார்த்துவிட்டு அப்படியே ஊர் பஸ் ஏறிவிடலாம். செவ்வாய்க்கிழமை இரண்டுக்குமே விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது. கிழமை பார்க்காமல் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினால் அந்த நாளின் ரூம் வாடகை வீண்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். மே மாதம் என்றால் பெங்களூர், அரையாண்டு லீவு என்றால் சென்னை. டிசம்பர் கடைசியில் சென்னையில் ஏசி தேவையில்லை, வெள்ளை போர்டு பஸ்ஸுக்குத் தாராளமாகக் காத்திருக்கலாம். அப்போதுதான் அந்த ஊரின் மலிவு முழுசாகக் கைக்கு வரும். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிகள் இலவசம், அத்தைக்கு அது ஒரு வரம். அதே டிசம்பரில் பெங்களூர்க் குளிர் அவர் முட்டிக்கு ஆகாது. புயலுக்கு மட்டும் பயப்பட வேண்டும். ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம்ம தலைமேல்தான் கரை கடந்தது, அது அரையாண்டு லீவு நேரம். ரத்து செய்தால் பணம் திரும்பத் தருகிற ரூமாகப் பார்த்துப் போடுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இந்த டிசம்பரில் சென்னை. முதல் நாள் மயிலாப்பூர் கபாலீஸ்வரர், மறுநாள் நூலகம், மூன்றாம் நாள் அருங்காட்சியகம், அது வெள்ளிக்கிழமையாக வராமல் பார்த்துக்கொண்டேன். நடராஜருக்கு இன்னொரு அரை மணி வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.