கையடக்க பியூட்டேன் டார்ச்: ஆறு மாதம் ஊதிப் பார்த்த பிறகு

வீட்டில் சின்னச் சின்ன வெள்ளி வேலை செய்கிறேன். மோதிரம், தோடு, சங்கிலிக் கண்ணி இவற்றின் இணைப்பில் பொடி (சூட்டில் உருகி ஓடி இணைப்பை ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்துச் சுடரால் ஊத, கேஸ் நிரப்பிக்கொள்ளும் கையடக்க டார்ச் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 1300 டிகிரி என்று பெரிதாகப் போட்டிருந்தது. வெள்ளி உருகுவதே 962 டிகிரியில்தான். அப்போது இது தாராளமாகப் போதும் என்று நினைத்தேன்.

மோதிரத்துக்கு உண்மையிலேயே போதும், கனமான காப்புக்குத்தான் போதவில்லை. சுடருக்குள்ளே கூர்மையாக ஒரு நீலக் கூம்பு நிற்கும், அதைச் சுற்றி வெளிறிய ஊதா நிறத்தில் இன்னொரு சுடர். கூம்பின் நுனியைச் சற்றுத் தாண்டிய இடத்தில்தான் சூடு அதிகம். மெல்லிய வெள்ளிக் கம்பியை அங்கே நீட்டினால் முனை தானாகச் சுருண்டு மணியாகிவிடும். அதே கம்பியைக் கூம்புக்குள் நுழைத்தால் ஒன்றும் ஆகாது, அங்கே கேஸ் இன்னும் எரியவே தொடங்கவில்லை. புதிதாக ஊதுகிறவர்கள் பொருளை நாசிலுக்கு (சுடர் வெளிவரும் வாய்க்கு) ஒட்டிப் பிடிப்பது இதனால்தான் வீண்.

டார்ச்சுக்குள் காற்று போகும் துளையைத் திறந்து மூடும் வளையத்தை மூடினால் சுடர் மஞ்சளாகித் தொளதொளவென்று ஆடும். காற்று போதாமல் எரியும்போது உண்டாகும் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். அதில் காட்டிய வெள்ளியில் கரி படியும். இந்த டார்ச்சில் எனக்குள்ள பெரிய குறை அந்த வளையம்தான். மூன்றாம் மாதமே தளர்ந்துவிட்டது, ஊதிக்கொண்டிருக்கும்போதே தானாக நகர்ந்து மூடுகிறது. ஆனால் பொடி நன்றாக ஓடுவதற்காகத் தடவும் வெண்காரம் பட்ட இடத்தில் மட்டும் சுடர் மஞ்சளானால் டார்ச்சைக் குறை சொல்லாதீர்கள். வெண்காரத்தில் இருக்கும் சோடியத்தின் நிறம் அது.

சரி, காப்புக்கு வருகிறேன். கனமான வெள்ளிக் காப்பின் இணைப்பில் பத்து நிமிடம் ஊதியும் பொடி ஓடவில்லை. உலோகங்களிலேயே சூட்டை அதிகம் கடத்துவது வெள்ளி. இந்தச் சின்னச் சுடர் கொடுப்பதையெல்லாம் காப்பு முழுவதும் இழுத்துக்கொண்டது. போதாததற்கு, கையில் பிடித்திருந்த டார்ச்சின் கேஸ் தொட்டி சில்லென்று ஆகிக்கொண்டே வந்தது, சுடரும் கூடவே சுருங்கியது. பியூட்டேனின் கொதிநிலை கிட்டத்தட்ட 0 டிகிரி. திரவம் ஆவியாக ஆவியாகத் தொட்டி குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. தொடர்ந்து ஊதும் வேலைக்கு இது ஆகாது.

அப்புறம் அதே காப்பை ஒரு புரொப்பேன் டார்ச்சில் வைத்து ஊதினேன், பொடி சட்டென ஓடிவிட்டது. புரொப்பேன் சுடர் அவ்வளவு சூடா என்றால் இல்லை. காற்றில் முழுமையாக எரிந்தால் இரண்டுமே கணக்குப்படி 1970, 1980 டிகிரியை ஒட்டித்தான் வரும். வித்தியாசம் பர்னரின் அளவிலும், ஒரு நிமிடத்தில் எரியும் கேஸின் அளவிலும் இருக்கிறது. புரொப்பேன் -42 டிகிரியிலேயே கொதிப்பதால் அழுத்தமும் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் டிகிரியை மட்டும் வைத்து டார்ச் வாங்காதீர்கள். நிறத்தையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் சூடு இவை இரண்டையும்விட அதிகம். ஆக்ஸிஜனோடு எரியும் அசெட்டிலீன் 3100 டிகிரியைத் தாண்டும். தோட்டுக் கம்பியை அதில் காட்டினால் கண் இமைப்பதற்குள் உருண்டு விழுந்துவிடும்.

பற்றவைக்கும் விசை ஒருமுறைகூட ஏமாற்றவில்லை, கைப்பிடியும் வசதி. கேஸ் நிரப்பும்போது மட்டும் பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. பியூட்டேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழும்.

மோதிரமும் தோடும் மட்டும் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது அந்தக் காற்று வளையத்தைத் திருகிப் பாருங்கள், விரல் பட்டதும் வழுக்கினால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.