தென்னந்தோப்பில் ஏழு ஆண்டுகள்: செயின்சாவைச் சுமந்ததும் பாதுகாத்ததும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பேராவூரணிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோப்பில் 200-க்கும் மேற்பட்ட தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. சுற்றுவட்டாரம் முழுவதும் அதே நிலை என்பதால் மரம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் 45 சிசி என்ஜினும் 18 அங்குல கைடு பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு, சுருக்கமாகப் ‘பார்’) கொண்ட ஒரு பெட்ரோல் செயின்சாவை வாங்கினேன். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே மூன்று மாதங்கள் ஆயின. அதன் பிறகும் பட்டுப்போன தென்னை, வேலியோரத்து வேம்பு, அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களின் அவசரம் என்று இயந்திரத்துக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. அறுக்கும் முறையைச் சொல்லித்தரப் பலர் இருந்தார்கள். இயந்திரத்தை எப்படி எடுத்துச் செல்வது, வேலை இல்லாத நாட்களில் எப்படி வைப்பது என்று சொல்லித்தரத்தான் யாருமில்லை. எனக்கு அதிகச் செலவும் ஒரு காயமும் அங்கேதான் நேர்ந்தன.

முதல் ஆண்டில் அரிசிச் சாக்கில் போட்டு, டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுபோனேன். ஓடாத செயின் என்ன செய்துவிடும் என்ற எண்ணம் அப்போது இருந்தது. வாய்க்கால் வரப்பில் வண்டி ஒருமுறை குதித்தபோது சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த இரண்டு பற்கள் என் கெண்டைக்காலைக் கீறின. நான்கு தையல் போட வேண்டியிருந்தது. தீட்டிய செயினின் ஒவ்வொரு பல்லும் ஒரு சிறு உளி. அது வெட்டுவதற்கு என்ஜின் ஓட வேண்டியதில்லை, அழுத்தம் இருந்தால் போதும். சாக்கினால் இன்னொரு தொல்லையும் இருந்தது. எண்ணெயில் ஊறிய நார்கள் பிரிந்து, செயினை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்புராக்கெட்டில் சுற்றிக்கொள்ளும். அவற்றைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும்.

இயந்திரத்தோடு வந்த பிளாஸ்டிக் பார் உறையை வேண்டாத பொருளாக மாட்டுக்கொட்டகையில் எறிந்திருந்தேன். தையல் பிரிப்பதற்குள் அதைத் தேடி எடுத்துக் கழுவி மாட்டினேன். எந்தப் பெட்டியையும் பையையும் வாங்குவதற்கு முன்னால் இந்த உறையை மாட்டும் பழக்கம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தோப்புக்குள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நடக்கும்போதும் என்ஜினை நிறுத்திவிட்டு, செயினை ஓடாமல் பூட்டும் செயின் பிரேக்கைப் போட்டு, பார் முதுகுப் பக்கம் நோக்கியிருக்க, சூடான சைலன்சர் காலைத் தொடாதபடி முன்கைப்பிடியில் பிடித்துத் தூக்குகிறேன். தோளில் சாய்த்து எடுத்துப்போவதை எங்கள் பக்கத்தில் பலர் பெருமையாகவே செய்கிறார்கள். கழுத்துக்கு அரை அடி தூரத்தில் பற்கள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தப் பழக்கம் தானே போய்விடும்.

இரண்டாம் ஆண்டு ஆசைப்பட்டு ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். மூடி, கொக்கி, கைப்பிடி, இயந்திரத்தின் வடிவத்துக்கேற்ற குழி என்று பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. வண்டியில் கட்டவும், மற்றவர் கைபடாமல் வைக்கவும் அது நல்ல பெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் பச்சைத் தென்னை அறுப்பவர்களுக்கு அது ஏற்றதன்று. பச்சைத் தென்னையின் தூள் வேம்பின் தூளைப் போல உலர்ந்து உதிராது, சாறு ஊறிய நாராகச் செயினிலும் ஸ்புராக்கெட் மூடிக்குள்ளும் அப்பிக்கொள்ளும். அந்த ஈரத்தோடு இயந்திரத்தை வைத்துப் பெட்டியை இறுக மூடினால் ஈரம் வெளியேற வழியில்லை. எங்கள் தோப்பிலிருந்து கடல் எட்டுக் கிலோமீட்டர்தான் என்பதால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2020 வடகிழக்குப் பருவமழையில் மூன்று வாரம் திறக்காமல் வைத்திருந்து திறந்தபோது, பாதித் தீர்ந்த செயின் செங்கல் நிறத்தில் இருந்தது. கண்ணிகள் மடங்க மறுத்தன. பெட்டியின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு, செயினுக்கு வழுவழுப்புத் தரும் செயின் ஆயில் தேங்கி, அதில் தூள் ஊறிக் களியாகக் கிடந்தது.

இந்த எண்ணெய் கசிவதை முதலில் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரும்பாலும் அது பழுதன்று. செயின் ஆயில் தொட்டிக்குக் காற்றுப் போக ஒரு வழியும், பாருக்கு எண்ணெய் வர ஒரு துளையும் இருப்பதால், வெயிலில் தொட்டி சூடாகி உள்ளே அழுத்தம் கூடும்போது எண்ணெய் மெல்ல வெளியே வரும். நின்றுகொண்டிருக்கும் இயந்திரத்தின் அடியில் சில சொட்டுகள் விழத்தான் செய்யும். ஆகவே கசிவை அடைக்கப் பார்ப்பதைவிட, கசியும் எண்ணெயைத் தாங்கிக்கொள்ளும் இடத்தை அமைப்பதே சரி.

இப்போது ஐந்து ஆண்டுகளாக நான் வைத்திருப்பது ஒரு மரப்பெட்டி. பழைய மாம்பலகையில் ஊர் ஆசாரி செய்து கொடுத்தார். நீளம் மூன்றடி, அகலம் ஓர் அடி, உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல். மேல்மூடி கிடையாது. பக்கப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருப்பதால் காற்று ஓடுகிறது. அடியில் எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய தகரத் தட்டு ஒன்று கிடக்கிறது, அதை வெளியே இழுத்துத் துடைத்துவிட்டு மீண்டும் செருகலாம். உறை மாட்டிய பார் அசையாமல் இருக்க ஒரு குறுக்குச் சட்டத்தில் பள்ளம் வெட்டியிருக்கிறார். எக்ஸ்எல் வண்டியின் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, கேரியரில் பெட்டியை நீளவாக்கில் வைத்து, ட்யூப் ரப்பரால் இரண்டு இடத்தில் கட்டினால் வரப்பில் குதித்தாலும் நகர்வதில்லை. எடைதான் குறை. இயந்திரத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வருகிறது, ஆகையால் தலையிலும் தோளிலும் சுமந்து ஏறவேண்டிய மலைத்தோட்டக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்த தோள்பையே நல்லது, அடியில் மட்டும் இரட்டைத் துணி வேண்டும்.

பெட்டியில் வைப்பதற்கு முன் செய்யும் வேலை பத்து நிமிடம்தான் ஆகும். சைலன்சர் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை ஸ்புராக்கெட் மூடியைக் கழற்றி, நார்த்தூளை ஈர்க்குச்சியால் தோண்டி எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைக்கிறேன். பாரின் அடிப்பக்கத்தில் இருக்கும் எண்ணெய்த் துளைக்கும் ஒரு மெல்லிய ஈர்க்கு போதும், தோப்பில் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு செயினைச் சற்றுத் தளர்த்திவிடுகிறேன். வேலையின்போது சூட்டில் நீண்ட செயினை நாம் இறுக்கியிருப்போம். குளிர்ந்ததும் அது சுருங்கி, பாரையும் என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டையும் இரவு முழுவதும் இழுத்துக்கொண்டிருக்கும். இதை அறியாமல் என் முதல் பாரின் முனைச் சக்கரத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

பெட்ரோலை இந்தப் பெட்டியில் வைப்பதே இல்லை. டூ-ஸ்ட்ரோக் ஆயில் சேர்த்த 5 லிட்டர் பெட்ரோல் கலவையும் 3 லிட்டர் செயின் ஆயிலும் தனித்தனி அறையில் கொள்ளும் இரட்டைக் கேன் ஒன்று வாங்கினேன். விலை சற்று அதிகம் என்றாலும், இரண்டும் ஒரே நேரத்தில் தீர்வதால் தோப்பின் நடுவில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் தவிக்கும் நிலை போயிற்று. கலவையை 50-க்கு 1 என்ற விகிதத்தில், அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் சேர்த்து, அந்த மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்கிறேன். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக வந்துவிட்டது. என் இயந்திரத்தின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டரின் ரப்பர்ச் சவ்வும் நாளடைவில் விறைத்துவிடும். வேறு பெட்ரோல் கிடைக்காத நிலையில் என்னால் முடிந்தது, இரண்டு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்று தெரிந்தால் தொட்டியைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு வைப்பதுதான். இந்தப் பழக்கத்துக்குப் பின் கார்புரேட்டரைக் கழற்றவேண்டி வரவில்லை.

துணைக்கருவிகளில் நான் மிகவும் கவனிப்பது அரம். தென்னையின் அடிமரம் செயினை வெகு சீக்கிரம் மழுக்கும் என்பதால் ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் தீட்டுகிறேன். என் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். இரண்டு அரங்கள் ஒன்றோடொன்று உரசினாலே பற்கள் போய்விடும், எண்ணெய் பட்டால் இரும்பைப் பிடிக்காமல் வழுக்கும். வயரிங் வேலைக்கான முக்கால் அங்குலப் பிவிசி குழாயைத் துண்டாக வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, ஒவ்வொரு அரத்தையும் காகிதத்தில் சுற்றி உள்ளே செருகியிருக்கிறேன். மாற்றுச் செயின் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில், மூழ்கும் அளவு எண்ணெயில் கிடக்கிறது. ஸ்பேனரும் ஒரு மாற்று பிளக்கும் பெட்டியின் பக்கத்தில் ஆணியடித்த தோல்பட்டையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் காயம் கட்டும் பெரிய பஞ்சுப் பட்டைகள் இரண்டு, பாலித்தீன் உறையில். பெட்டி போகும் இடமெல்லாம் அவையும் வருகின்றன.

வீட்டில் பெட்டியின் இடம் மோட்டார் கொட்டகையில், தரையிலிருந்து நாலடி உயரப் பலகையில். கீழே வைத்திருந்த காலத்தில் எலிகள் பெட்ரோல் ட்யூபைக் கடித்துவிட்டன. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் நாட்களில் மட்டும் பாரையும் செயினையும் கழற்றி, அலமாரிக்குள் பூட்டிவைக்கிறேன்.